ராஞ்சியா? எப்போது வெளியே விட்டார்கள்?

தன்பாத்திலிருந்து ஆலப்புழைக்குச் செல்லும் விரைவு வண்டி ராஞ்சியில் நின்று, ஒடிசாவையும் ஆந்திரத்தையும் கடந்து, காட்பாடி, சேலம், கோவை வழியாகக் கேரளத்துக்குள் நுழைகிறது. அந்த வண்டியின் ஸ்லீப்பர் பெட்டிகளில் திருப்பூருக்கும் எர்ணாகுளத்துக்கும் வேலைக்குச் செல்லும் இளைஞர்கள் இருப்பார்கள். விடுமுறை முடிந்து கல்லூரிக்குத் திரும்பும் மாணவர்கள் இருப்பார்கள். பை நிறைய எக்ஸ்ரே படங்களுடன் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்குச் செல்லும் குடும்பங்கள் இருக்கும். செருப்புகளை இருக்கைக்கு அடியில் தள்ளிவிட்டுச் சாப்பாட்டு டப்பாவைத் திறப்பதற்கு முன்பே கேட்கப்பட்டுவிடும் கேள்வி ஒன்று உண்டு: எந்த ஊர்? ராஞ்சி என்று விடை வந்தால் கேட்டவரின் முகத்தில் சிரிப்பு அரும்பும். "ராஞ்சியா? எப்போது வெளியே விட்டார்கள்?"

வட இந்தியாவில் இந்தக் கேலிக்கு உரை தேவையில்லை. ராஞ்சி நகரின் வடக்கே காங்கே என்னும் பகுதியில் நூறாண்டுப் பழமை வாய்ந்த இரண்டு மனநல மருத்துவமனைகள் உள்ளன. 'ராஞ்சிக்கு அனுப்ப வேண்டிய ஆள்' என்றால் வங்காளத்திலும் இந்தியிலும் பொருள் ஒன்றுதான். ராஞ்சிக்காரர்கள் இதற்கான விடைகளைப் பள்ளிப் பருவத்திலேயே சேகரித்துவிடுகிறார்கள். "விடவில்லை பாயி சாகேப், தப்பி வந்துவிட்டேன்" என்பது எளிய விடை. "உங்களுக்காக ஒரு படுக்கை காலியாகவே வைத்திருக்கிறோம்" என்பது சற்றே காரமானது. எல்லாவற்றிலும் தர்க்கச் சுத்தமானது மூன்றாவது: "உள்ளே இருப்பவர்கள் எல்லாரும் உங்களைப் போன்ற வெளியூர்க்காரர்கள், நாங்கள் அவர்களைப் பார்த்துக்கொள்பவர்கள்." இந்த மூன்றாவது விடையில் வரலாறும் இருக்கிறது.

2004-இல் மகேந்திர சிங் தோனி இந்திய அணிக்குள் நுழைந்த பிறகு ராஞ்சிக்காரர்களுக்கு இரண்டாவது கேள்வி ஒன்றும் சேர்ந்துகொண்டது. தோனி வீட்டுக்குப் பக்கத்து வீடா? பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழும் நகரில் அனைவரும் ஒரே வீட்டின் பக்கத்து வீட்டுக்காரர்களாக இருக்க வேண்டும் என்று கேட்பவர் மனதார நம்புகிறார். சென்னை ரசிகரிடம் இக்கேள்வி பக்தி கலந்தே வரும். ஆயினும் தோனி பழைய கேள்வியை அகற்றிவிடவில்லை. அதை இரண்டாம் இடத்துக்கு மட்டுமே தள்ளியிருக்கிறார். ஓர் உலகக் கோப்பையால் ஆகக்கூடியது அவ்வளவுதான் போலும்.

இந்தக் கேலிக்கு உரிய ஊர் ராஞ்சி மட்டுமன்று. ஏறத்தாழ ஒவ்வொரு மொழியும் தனக்கென ஓர் ஊரை வைத்திருக்கிறது. உத்தரப் பிரதேசத்தில் ஆக்ரா; அதற்கடுத்துப் பரேலி. தாஜ்மகாலைக் காண உலகமே வந்து செல்லும் ஆக்ராவைச் சேர்ந்தவர், லக்னோ பக்கத்துக் கல்யாண வீட்டில் தம் ஊரைச் சொன்னால் பளிங்குக் கல்லறை நினைவுக்கு வருவதற்குள் வேறொன்று வந்துவிடுகிறது. அசாமில் தேஜ்பூர். தெலுங்கில் ஐதராபாத்தின் எர்ரகட்டா. கோழிக்கோட்டில் குதிரவட்டம், திருவனந்தபுரத்தில் ஊளம்பாறை. புனேயின் யெரவடாவில் வசிப்பவருக்குச் சுமை இரட்டிப்பு: அங்கே மனநல மருத்துவமனையும் உண்டு, 1932-இல் புனே ஒப்பந்தம் கையெழுத்தான சிறைச்சாலையும் உண்டு. யெரவடா என்றதும் எதிரில் இருப்பவர் எதைக் கேட்பது என்று ஒரு கணம் தடுமாறுவார். தமிழில் கீழ்ப்பாக்கம்; அதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, தமிழ்த் திரைப்பட நகைச்சுவை அதை நெல்லை முதல் திருத்தணி வரை கொண்டுசேர்த்துவிட்டது. இலங்கையில் அங்கொட. வங்கதேசத்தில் பாப்னா.

இவ்வூர்களை நிலப்படத்தில் குறித்துப் பார்த்தால் கிடைப்பது பழைய மாகாணங்களின் படம். பித்தர் காப்பகங்களுக்கான சட்டம் 1858-இல் இயற்றப்பட்டது. ஆக்ரா மருத்துவமனை 1859-இல் தொடங்கியது, பரேலி 1862, கீழ்ப்பாக்க வளாகம் 1871, கோழிக்கோடு 1872, தேஜ்பூர் 1876. மாகாணத்துக்கு ஒன்றோ இரண்டோ காப்பகம் என்பது அன்றைய நிர்வாகக் கணக்கு. ஒரு மாகாணத்து நீதிபதி எந்தக் காப்பகத்துக்கு ஆளை அனுப்பினாரோ அந்தக் காப்பகத்தின் ஊர், அந்த மாகாணத்து மொழியில் வசைச் சொல்லாயிற்று. ஆகவே ஒருவர் கேலிக்கு எந்த ஊரைச் சொல்கிறார் என்பதைக் கொண்டு அவருடைய கொள்ளுத் தாத்தா எந்த அரசிதழின் ஆளுகையில் வாழ்ந்தார் என்று ஓரளவுக்குச் சொல்லிவிட முடியும். வட்டார வழக்கு ஆய்வாளர்கள் மழைக்கும் மாமனுக்கும் எல்லைக்கோடு வரைகிறார்கள். இதற்கும் ஒரு கோடு வரையலாம்.

ராஞ்சிக்கு அந்தப் பங்கு சற்றுத் தாமதமாக வந்தது. 1912-இல் பீகார்–ஒரிசா மாகாணம் வங்காளத்திலிருந்து பிரிந்தபோது, மேட்டுநிலக் குளிர்ச்சிக்காக ராஞ்சி அதன் கோடைத் தலைநகராயிற்று. வெள்ளைக்காரருக்குக் குளிர்ச்சி நல்லது. வெள்ளைக்கார மனநோயாளிக்கு இன்னும் நல்லது என்று கருதப்பட்டது. 1918 மே மாதம் காங்கேயில் ஐரோப்பியருக்கான காப்பகம் திறக்கப்பட்டு, கல்கத்தாவின் பவானிப்பூரிலிருந்த நோயாளிகள் அங்கே மாற்றப்பட்டனர். 1925-இல் இந்தியருக்கான மருத்துவமனையும் வந்து சேர்ந்தது. அது கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்தில் முங்கேரில் தொடங்கிப் பாட்னா வழியாக ராஞ்சியை அடைந்த பழைய நிறுவனம். ஆக, ராஞ்சி தன் மண்ணில் பைத்தியத்தை விளைவித்ததாக எந்தச் சான்றும் இல்லை. கல்கத்தாவும் பாட்னாவும் தங்கள் நோயாளிகளை அங்கே அனுப்பிவைத்தன. பிறகு அனுப்பி வைத்தவர்களே அந்த ஊரைப் பார்த்துச் சிரித்தனர். ராஞ்சிக்காரரின் மூன்றாவது விடையில் உள்ள வரலாறு இதுதான்.

எல்லைகள் மாறியபோது கேலியும் ஊர் மாறியது. கிழக்கு வங்காளத்து நோயாளிகளுக்கும் ஒரு காலத்தில் ராஞ்சியே மருத்துவமனை. 1947-க்குப் பிறகு அந்தப் பாதை அடைபட்டது. 1957-இல் பாப்னாவில் தனி மருத்துவமனை எழுந்தது. இன்று டாக்காவில் 'பாப்னாவுக்கு அனுப்பு' என்கிறார்கள். பஞ்சாபில் லாகூர்க் காப்பகத்து நோயாளிகளும் இந்தியக் காப்பகத்து நோயாளிகளும் 1950-இல் மத அடிப்படையில் பரிமாறிக்கொள்ளப்பட்டனர். சாதத் ஹசன் மண்ட்டோவின் 'டோபா டேக் சிங்' கதை அந்தப் பரிமாற்றத்தைப் பற்றியது. அக்கதையின் நாயகன் தன் ஊர் எங்கே இருக்கிறது, இந்தியாவிலா பாகிஸ்தானிலா என்று காண்போரையெல்லாம் கேட்கிறான். மற்றவர்கள் அவனை ஊர்ப் பெயராலேயே அழைக்கிறார்கள். காப்பகத்துக்குள் இருப்பவனிடம் 'எந்த ஊர்' என்ற கேள்வி என்ன ஆகிறது என்பதை அதைவிடக் கூர்மையாகச் சொன்ன துணைக்கண்டப் படைப்பு வேறு எதுவும் இல்லை.

ஊர்க்காரர்கள் கேலியைப் பெரும்பாலும் அடுத்த தெருவுக்குத் தள்ளிவிடுகிறார்கள். ராஞ்சியின் மையப்பகுதியில் வசிப்பவர், "ராஞ்சிதான், ஆனால் காங்கே இல்லை" என்று திருத்துவார். கீழ்ப்பாக்கவாசி, மருத்துவமனை உண்மையில் அயனாவரம் பக்கம் மேடவாக்கம் குளச் சாலையில் இருப்பதைச் சுட்டிக்காட்டுவார். அயனாவரத்துக்காரர் அஞ்சல் முகவரியில் கீழ்ப்பாக்கம் என்று இருப்பதைக் காட்டுவார். இதில் அதிகம் அடிபடுவோர் மாணவர்கள். கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி 1960 முதல் இயங்கும் பொது மருத்துவக் கல்லூரி. பூந்தமல்லி நெடுஞ்சாலையில் வேறோர் இடத்தில் இருக்கிறது. ஆயினும் அதன் மாணவர் உறவினர் வீட்டு விசேஷத்தில் "கீழ்ப்பாக்கத்தில் இருக்கிறேன்" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டால் அந்த மாலை முழுவதும் அதற்கு ஈடு செய்ய வேண்டும். பிர்சா வேளாண் பல்கலைக்கழகம் காங்கேயிலேயே இருக்கிறது. மண்ணியல் படிக்கும் மாணவருக்கும் தப்பில்லை. தேஜ்பூரில் மத்தியப் பல்கலைக்கழகம் 1994-இல் தொடங்கியது. அங்கே ஐந்தாறு ஆண்டுகளாக முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருப்பதாக ஓர் அசாமியரிடம் சொன்னால், அவர் அந்த இரண்டு செய்திகளையும் தாமாகவே இணைத்துப் புரிந்துகொள்வார். ஆய்வேட்டின் நிலையைப் பொறுத்து அது முழுத் தவறு என்றும் சொல்லிவிட முடியாது.

எர்விங் கோஃப்மன் 1963-இல் எழுதிய 'ஸ்டிக்மா' என்ற நூலில், இழுக்கு உடையவருடன் உறவு கொண்டிருப்பதாலேயே ஒருவர் மீது படியும் இழுக்கைத் தனி வகையாகக் காட்டினார். மனநோயாளியின் வாழ்க்கைத் துணை, சிறை சென்று வந்தவரின் மகள் போன்றோரைப் பற்றி அவர் பேசினார். ராஞ்சியில் அந்த ஒட்டு இழுக்கு ஒரு நகரத்துக்கே பரவியிருக்கிறது. ஆனால் அந்தப் பரவலை அளவுக்கு மீறிப் பெரிதாக்குவதும் சரியன்று. ராஞ்சிக்காரர் என்பதற்காக எவருக்கும் வாடகை வீடு மறுக்கப்படுவதில்லை. 2014-இல் அருணாசலப் பிரதேசத்து மாணவர் ஒருவர் தில்லிக் கடைத்தெருவில் தாக்கப்பட்டு இறந்தார். அதன் பின்னரே பெஸ்பருவா குழு அமைக்கப்பட்டது. வடகிழக்கைச் சேர்ந்தவரிடம் "நீ சீனாவா?" என்று கேட்கும் கேள்வியின் எடை வேறு. அது வீட்டு வாசல் வரையும் காவல் நிலையம் வரையும் பின்தொடர்ந்து செல்லும். ராஞ்சிக் கேலி அடுத்த நிலையத்தில் தேநீர் வரும்வரை நீடிக்கும். ஊரின் மானத்துக்காக அறிக்கை விடுவோரும் 'ராஞ்சியை இழிவுபடுத்தாதீர்' என்று பதிவிடுவோரும் காயம் இல்லாத இடத்தில் கட்டுப் போடுகிறார்கள். கேலி உரைப்பது அந்தப் பெட்டியில் உள்ள ராஞ்சிக்காரருக்கு அன்று. அதை எங்கோ மேல் படுக்கையில் கிடந்து கேட்டுக்கொண்டிருக்கும் வேறொருவருக்கு.

இதைப் புரிந்துகொள்ள அதே வண்டி நிற்கும் காட்பாடியைப் பார்த்தால் போதும். ஜார்க்கண்டிலும் வங்காளத்திலும் ஒருவர் "வேலூரில் வசிக்கிறேன்" என்றால் மரியாதை தானாக வருகிறது. "சி.எம்.சி. இருக்கிற ஊரா? என் மாமாவுக்கு அங்கேதான் இதய அறுவை நடந்தது" என்று உரையாடல் தொடங்கும். எந்த மருத்துவர் நல்லவர், தங்கும் விடுதிக்கு என்ன வாடகை, வங்காளச் சாப்பாடு எங்கே கிடைக்கும் என்றெல்லாம் விசாரிப்பார்கள். வேலூர்க்காரர் தம் வாழ்நாளில் அந்த மருத்துவமனைக்குள் நுழைந்திராவிட்டாலும் அவர் அரை மருத்துவராகிவிடுகிறார். தமிழ்நாட்டிலோ வேலூர் என்றதும் வெயிலும் சிறையும் கோட்டையும் 1806 சிப்பாய்ப் புரட்சியும் நினைவுக்கு வரும். வடக்கே அதெல்லாம் எவருக்கும் தெரியாது. அங்கே வேலூர் என்பது மருத்துவமனையின் இன்னொரு பெயர். ராஞ்சியும் அப்படித்தான். இரண்டும் நோயாளிகளை நாட்டின் பல மூலைகளிலிருந்தும் வரவேற்கும் ஊர்கள். ஒன்றின் பெயர் நம்பிக்கை தருகிறது, மற்றொன்றின் பெயர் சிரிப்பு மூட்டுகிறது. இத்தனைக்கும் வேலூர் பாகாயத்தில் அதே சி.எம்.சி.யின் மனநலப் பிரிவு பல பத்தாண்டுகளாக இயங்குகிறது. இதயத்துக்காக வந்தவர் ஊருக்குத் திரும்பி அறுவைத் தழும்பைக் காட்டுவார். பாகாயத்துக்கு வந்தவரும் ஊரில் 'வேலூருக்குப் போய்வந்தேன்' என்றுதான் சொல்வார். எந்தப் பிரிவு என்பதைச் சொல்லமாட்டார். வேலூர் என்ற பெயர் அவருக்கு மறைவிடம் தருகிறது. ராஞ்சி தருவதில்லை.

வேறுபாடு வினைச்சொல்லிலேயே தெரிகிறது. வேலூருக்கு மக்கள் *போகிறார்கள்*, ராஞ்சிக்கு *அனுப்பப்படுகிறார்கள்*. தமிழில் கீழ்ப்பாக்கமானாலும் இந்தியில் ஆக்ராவானாலும் கேலி எப்போதும் 'அனுப்பு' என்ற ஏவலில்தான் வருகிறது. எவரும் தாமாக அங்கே செல்வதாக எந்த மொழியின் நகைச்சுவையும் கற்பனை செய்வதில்லை. இது வெறும் பேச்சு வழக்கமன்று, சட்ட வழக்கம். 1912-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் பெரும்பாலோர் நீதிபதியின் ஆணையால் உள்ளே சேர்க்கப்பட்டார்கள். சட்டத்தின் மொழியில் அவர்கள் பெறுநரிடம் ஒப்படைக்கப்படும் பொருள்கள். அந்தச் சட்டம் விடுதலைக்குப் பிறகும் நாற்பது ஆண்டுகள் நீடித்து, 1987-இல்தான் மாற்றப்பட்டது. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் முதன்முறையாக இலக்கணத்தைத் திருப்பியது: இயன்றவரை ஒவ்வொரு சேர்க்கையும் நோயாளி தாமே முடிவெடுத்துச் சேரும் சேர்க்கையாக இருக்க வேண்டும் என்றது. அனுப்பப்படுபவர் என்ற நிலையிலிருந்து செல்பவர் என்ற நிலைக்கு நோயாளியைச் சட்டம் மாற்றிவிட்டது. ரயில் பெட்டியின் கேலி இன்னும் 1912-இலேயே நிற்கிறது.

கேலிக்குக் காரணமே இல்லை என்று வாதிடுவது நேர்மையாகாது. ராஞ்சி மருத்துவமனையின் நிலை 1980களில் பொதுநல வழக்காக உச்சநீதிமன்றம் வரை சென்றது. நாட்டின் மனநல மருத்துவமனைகளைப் பற்றித் தேசிய மனித உரிமை ஆணையம் 1999-இல் வெளியிட்ட அறிக்கை, அவற்றுள் பல சிறைச்சாலை அமைப்பிலேயே இருப்பதை எடுத்துக்காட்டியது. 2001 ஆகஸ்டில் ஏர்வாடியில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் இறந்தனர். அது மருத்துவமனைகூட அன்று, தனியார் காப்பகம். 'அங்கே போனால் திரும்ப முடியாது' என்ற அச்சம் வெற்றுக் கற்பனையிலிருந்து பிறக்கவில்லை. ஆயினும் அதே இடங்களில் வேறொரு வரலாறும் நடந்திருக்கிறது. காங்கேயில் 1919 முதல் கண்காணிப்பாளராக இருந்த ஓவன் பெர்க்லி-ஹில், கிரீந்திரசேகர் போஸ் தொடங்கிய இந்திய உளப்பகுப்பாய்வுக் கழகத்தில் தொடக்கக் காலத்திலேயே இணைந்தவர். தொழில்வழிச் சிகிச்சையைக் காங்கேயில் அறிமுகப்படுத்தியவர். அமிர்தசரஸ் மருத்துவமனையில் 1950களில் டாக்டர் வித்யாசாகர், நோயாளிகளுடன் குடும்பத்தினரும் வளாகத்திலேயே கூடாரமடித்துத் தங்கச் செய்தார். குடும்பத்தாரைச் சிகிச்சையின் பங்காளிகளாக ஆக்கிய அந்த முயற்சி உலகளவில் கவனம் பெற்றது. கீழ்ப்பாக்கத்தைப் பல ஆண்டுகள் தலைமையேற்று நடத்திய டாக்டர் சாரதா மேனன், நாட்டின் முதல் பெண் மனநல மருத்துவர்களுள் ஒருவர். ஓய்வுக்குப் பிறகு 1984-இல் மனச்சிதைவு நோய்க்கான ஸ்கார்ஃப் நிறுவனத்தைத் தொடங்கினார். இவர்களில் ஒருவர் பெயரும் ஊர்ப்பெயருடன் ஒட்டிக்கொள்ளவில்லை. ஒட்டியது பூட்டும் சங்கிலியும் மட்டுமே.

பெயர் மாற்றிப் பார்த்தாயிற்று. 1920களின் தொடக்கத்தில், பெர்க்லி-ஹில் போன்றோரின் வற்புறுத்தலால், 'அசைலம்' என்ற சொல்லுக்குப் பதிலாக 'மனநோய் மருத்துவமனை' வந்தது. பிறகு ஆரோக்கியசாலை, பிறகு நிறுவனம், பிறகு சுருக்கெழுத்துகள். காங்கேயின் ஒரு மருத்துவமனை சி.ஐ.பி. ஆயிற்று, மற்றொன்று ரின்பாஸ் ஆயிற்று. பலகையில் எதை எழுதினாலும் ஆட்டோ ஓட்டுநரிடம் 'காங்கே' என்றால்தான் புரிகிறது. நிறுவனத்தின் பெயரை அரசு மாற்றலாம், ஊரின் பெயரை மக்கள் வைத்திருக்கிறார்கள். மாறாக, பெயரைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டவரும் ஒருவர் உண்டு. 1964-இல் வந்த 'பார்கவி நிலையம்' மலையாளப் படத்துக்குக் கதை எழுதிய வைக்கம் முகம்மது பஷீர், அதில் குதிரவட்டம் பப்பு என்று ஒரு பாத்திரத்துக்குப் பெயர் வைத்தார். அதில் நடித்த பத்மதலாட்சன் அந்தப் பெயரையே வாழ்நாள் முழுதும் வைத்துக்கொண்டு மலையாளிகளைச் சிரிக்க வைத்தார். தாமே மனநோய்ச் சிகிச்சை பெற்றதை மறைக்காமல் எழுதிய பஷீர் வைத்த பெயர் அது என்பதும் நினைவில் கொள்ளத்தக்கது. கேலியை ஒழிப்பதைவிட அதன் உள்ளே குடியேறிவிடுவது சில வேளைகளில் பயன் தருகிறது. ஆனால் அதற்குப் பப்புவின் முகமும் பஷீரின் துணிவும் வேண்டும். எல்லாரிடமும் அதை எதிர்பார்க்க முடியாது.

மேல் படுக்கையில் இருப்பவரிடம் அதை எதிர்பார்க்கவே முடியாது. நிம்ஹான்ஸ் நடத்திய 2015–16 தேசிய மனநல ஆய்வின்படி, வயதுவந்தோரில் ஏறத்தாழ 10.6 விழுக்காட்டினருக்கு ஏதேனும் ஒரு மனநலச் சிக்கல் இருந்தது; நோயின் வகையைப் பொறுத்து 70 முதல் 92 விழுக்காடு வரையிலானோர் சிகிச்சைக்கு வெளியே இருந்தனர். மருத்துவர் பற்றாக்குறை, தொலைவு, செலவு ஆகியவை இதற்கு முதன்மைக் காரணங்கள். கேலியை அவற்றுக்கு மேலே வைக்கக்கூடாது. ஆனால் பெட்டியில் எழுபது பேர் இருந்தால், இந்தக் கணக்கின்படி அவர்களில் சிலருக்கோ அவர்கள் வீட்டாருக்கோ இது சொந்தச் செய்தி. ராஞ்சி வரை சீட்டு எடுத்திருக்கும் ஒரு தாய், பக்கத்தில் அமர்ந்திருக்கும் மகனை மருத்துவரிடம் காட்டச் சென்றுகொண்டிருக்கலாம். எங்கே போகிறீர்கள் என்று கேட்டால், உறவினர் வீட்டுக் கல்யாணம் என்பார். எப்போது வெளியே விட்டார்கள் என்ற கேலிக்கு மற்றவர்களோடு சேர்ந்து அவரும் சிரிக்கக்கூடும். அடுத்த முறை மருந்து வாங்க வரவேண்டிய தேதியை அந்தச் சிரிப்பு தள்ளிப்போடுகிறதா என்பதை எந்தக் கணக்கெடுப்பும் அளக்காது.

'எந்த ஊர்' என்ற கேள்வி அந்த மருத்துவமனைகளுக்கு உள்ளேயும் கேட்கப்படுகிறது. நோயாளியைச் சேர்க்கும்போது முகவரி கேட்பார்கள். சில குடும்பங்கள் தவறான முகவரியைத் தந்துவிட்டுப் போய்விடுகின்றன. தெரு இருக்கும், வீட்டு எண் இருக்காது. அல்லது வீடு இருக்கும், அப்படி ஒருவரைத் தெரியாது என்பார்கள். மகள் திருமணம் நின்றுவிடும், ஊர் அறிந்துவிடும் என்ற அச்சமே காரணம். இவ்வாறு நோய் தணிந்த பின்னும் போக இடமின்றி ஆண்டுக்கணக்கில் உள்ளே இருப்போரைப் பற்றி 2017-இல் உச்சநீதிமன்றமே கவலை தெரிவித்து, அவர்களின் மறுவாழ்வுக்கு நெறிமுறை வகுக்கச் சொன்னது. ரயிலில் ராஞ்சிக்காரரைப் பார்த்துச் சிரித்தபடி கேட்கப்படும் 'எப்போது விட்டார்கள்?' என்ற கேள்விக்கு அவர்களிடம் உண்மையான விடை இருக்கிறது. விட்டுவிட்டார்கள், அழைத்துச் செல்லத்தான் எவரும் வரவில்லை.

சாலையோரத்தில் அலையும் மனநோயாளிகளை மீட்டுச் சிகிச்சை தந்து வீடு சேர்க்கும் பணிக்காக 2018-இல் மகசேசே விருது பெற்றார் மும்பை மனநல மருத்துவர் பரத் வட்வானி. சென்னையில் 'தி பான்யன்' அமைப்பு 1993 முதல் வீடற்ற பெண்களுக்காக இதே பணியைச் செய்கிறது. அங்கெல்லாம் மருந்து வேலை செய்யத் தொடங்கிச் சில வாரங்கள் கழித்து, ஒருநாள் நோயாளி தம் ஊர்ப் பெயரைச் சொல்லும்போது, பணியாளர்கள் சிரிப்பதில்லை. காகிதம் எடுத்துக் குறித்துக்கொள்கிறார்கள். ஊர்ப் பெயர் மட்டும் கிடைத்தால் போதாது. வட இந்தியாவில் ராம்பூர் என்று எத்தனையோ ஊர்கள். மாவட்டம் நினைவில் இருக்காது. மாநிலம் பிரிந்ததே தெரியாதவர்களும் உண்டு. எனவே கேள்விகள் தொடரும். பேச்சில் போஜ்புரி கலந்திருக்கிறதா, மைதிலியா? ஊருக்குப் பக்கத்தில் என்ன ஆறு? சந்தை எந்தக் கிழமை கூடும்? எந்த நிலையத்தில் இறங்கி நடக்க வேண்டும்?